டீ-ஷேர்ட்ட மாத்தச் சொன்னா மாத்துங்க, வோட்ட விட்டுட்டு வீட்டுக்குப் போயிடாதீங்க

கொழும்பு மாவட்டத்தில பல எலெக்ஷன்ல எஸ்பிஓவா, அதாவது வாக்களிப்பு நிலையத்துக்குப் பொறுப்பான சிரேஷ்ட தலைமைதாங்கும் அலுவலரா டியூட்டி செஞ்சவன் நான். இப்ப ரிட்டயர் ஆகிட்டன், ஆனா தேர்தல் அறிவிச்ச உடன கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, ஜிந்துப்பிட்டி, வெள்ளவத்தை பக்கம் தமிழ் ஆக்களுக்கு விளக்கக் கூட்டம் வைக்கிறவங்க கூப்பிடுவாங்க, போய்க் கதைப்பன். புள்ளடி எப்பிடிப் போடுறது, விருப்பு வாக்கு எப்பிடிப் போடுறது, என்ன அடையாள அட்டை கொண்டு போறது எல்லாம் நான் சொல்லி முடிச்சா, கேள்வி நேரத்தில சனம் கேக்கிறது உடுப்பு பத்தித்தான். சிவப்பு சாரி உடுத்திட்டுப் போகலாமா, பச்ச ஷேர்ட் போட்டா பொலிஸ் பிடிக்குமா, மீட்டிங்ல குடுத்த தொப்பியப் போட்டுட்டுப் போனா வோட் போட விடமாட்டாங்களா. இதையெல்லாம் சின்ன விசயம் என்டு நான் நினைக்கிறதில்ல, ஏனென்டா இந்த விசயத்தில சரியா விளங்காம வாக்கையே போடாம திரும்பிப் போன ஆக்கள நான் என் கண்ணால பார்த்திருக்கன்.

முதல்ல சட்டம். ஜனாதிபதித் தேர்தலுக்கு 1981ஆம் ஆண்டு 15ஆம் இலக்கச் சட்டம், பாராளுமன்றத்துக்கு அதே வருசத்து 1ஆம் இலக்கச் சட்டம், உள்ளூராட்சிக்கு வேற கட்டளைச் சட்டம் என்டு தனித்தனியா இருந்தாலும் அடிப்படை ஒன்டுதான். வாக்கெடுப்பு அன்டைக்கு வாக்களிப்பு நிலையத்தோட வாசல்ல இருந்து அரை கிலோமீட்டருக்குள்ள யாரும் வாக்குக் கேக்க ஏலாது, ஒருத்தருக்குப் போடாத என்டு சொல்ல ஏலாது, வோட்டே போட வேணாம் என்டு மனச மாத்தவும் ஏலாது, துண்டுப்பிரசுரம், போஸ்டர், வேட்பாளர்ட படம், சின்னம் இதுகள பகிரவோ காட்டவோ ஏலாது. இந்தக் கடைசி விசயத்திலதான் உடுப்பு வருது. சுவர்ல ஒட்டினாலும் கையில பிடிச்சாலும் நெஞ்சில போட்டாலும் காட்டுறது காட்டுறதுதான். மொட்டு, டெலிபோன், திசைகாட்டி, யானை, வீடு, மரம், மயில் எதுவா இருந்தாலும், வேட்பாளர்ட முகமா இருந்தாலும், பாராளுமன்றத் தேர்தல்ல வேட்பாளருக்குக் குடுக்கிற விருப்பு இலக்கமா இருந்தாலும், அது உங்கட உடம்பில தெரிஞ்சா அது பிரச்சாரம். அதோட பிரச்சாரம் முடியிறதே வாக்கெடுப்புக்கு ரெண்டு நாள் முந்தித்தானே, 2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலுக்கு 18ஆம் திகதி நள்ளிரவோட நிப்பாட்டினாங்க, 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்கு மே 3 நள்ளிரவோட. அந்த அமைதிக் காலத்தில ஊரே போஸ்டரக் கழட்டிட்டு இருக்கும்போது ஒருத்தர் மட்டும் நடமாடுற போஸ்டரா வந்தா அது மத்தவங்களுக்குச் செய்ற அநியாயம்.

நிறம் வேற விசயம். நிறத்துக்கு எந்தச் சட்டமும் தடை போடேல்ல. உங்கட சாரி சிவப்பா இருக்கலாம், பச்சையா இருக்கலாம், நீலமா இருக்கலாம், செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போயிட்டு அப்பிடியே சிவப்பு சாரியோட வந்த அம்மாவ யாரும் நிப்பாட்ட ஏலாது. நவம்பர் மாசத்தில தேர்தல் வந்தா சபரிமலைக்கு மாலை போடுற சாமிமார் கறுப்பு வேட்டியோட வருவாங்க, அதப் பார்த்துட்டு கறுப்புக் கொடி எதிர்ப்பு என்டு நினைச்ச ஒரு இளம் கான்ஸ்டபிளுக்கு நான் விளங்கப்படுத்தி இருக்கன். ஆனா இருவது பேர் ஒரே நிறத்தில ஒரே மாதிரி உடுத்து கூட்டமா ஒன்டா நடந்து வந்தா அது சாரி விசயம் இல்ல, ஊர்வலம், அதுக்குத் தனியாத் தடை இருக்கு.

சனத்துக்கு நிறத்தில இவ்வளவு பயம் வந்ததுக்குக் காரணம் இல்லாமலும் இல்ல. 1931ல சர்வசன வாக்குரிமை வந்து முதல் தேர்தல் நடந்தப்போ இங்க வேட்பாளருக்குச் சின்னம் கிடையாது, நிறம்தான். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறப் பெட்டி, வாக்காளர் தனக்கு வேண்டிய நிறப் பெட்டியில சீட்டப் போடணும். எழுதப் படிக்கத் தெரியாத சனத்துக்காகச் செய்த ஏற்பாடு அது. பிறகு சின்னம் வந்துட்டு, நிறம் சட்டத்தில இருந்து போயிட்டு, ஆனா கட்சிகள் நிறத்த விடேல்ல, சனத்தின்ட மனசில இருந்தும் அது போகேல்ல. அதனாலதான் இன்டைக்கும் ஒரு ஆச்சி பச்ச சேலையக் கையில பிடிச்சிட்டு இதக் கட்டலாமா தம்பி என்டு கேக்கிறாங்க. தாராளமாக் கட்டலாம் ஆச்சி.

அப்ப எங்கதான் ஆக்கள் மாட்டுப்படுறாங்க? வேணுமென்டே போஸ்டர் மாதிரி வாறவங்க குறைவு. மிச்சம் பேர் தெரியாமத்தான் மாட்டுப்படுறாங்க. புறக்கோட்டையில மூட்டை தூக்கிற நாட்டாமை வேலை செய்ற பொடியன்மாருக்கு மீட்டிங்ல கிடைக்கிற டீ-ஷேர்ட்தான் வேலைக்குப் போடுற உடுப்பு, முன்னுக்கு ஒன்டும் இருக்காது, முதுகில பெருசா சின்னம் இருக்கும், அவன் விடிய எழும்பி கையில கிடைச்சதப் போட்டுட்டு வந்திருப்பான். மழ பெய்தா குடை, குடையில வேட்பாளர்ட பேர். சந்தைக்குக் கொண்டு போற பேக்கில படம். ஃபோன் கவர்ல ஸ்டிக்கர், கையில ரப்பர் வளையம். வயசான அப்பாவ த்ரீவீலர்ல கூட்டிட்டு வந்து இறக்கிவிடுற மகன் வண்டிக்குப் பின்னால போஸ்டர் ஒட்டி இருக்கிறத மறந்திருப்பான். 2020 ஆகஸ்ட் தேர்தல்ல கொரோனா காரணமா முகக்கவசமும் கட்டாயம், அதிலயும் இலக்கம் போட்டுக் குடுத்தாங்க சில பேர். முதல் நாள் ராத்திரியே நீங்க போடப்போற உடுப்பு, பேக், குடை, ஃபோன் எல்லாத்தையும் ஒருக்கா முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்க. ஃபோன வீட்டில வச்சிட்டு வந்தா இன்னும் நல்லம், உள்ளுக்கு அதப் பாவிக்கவோ படம் எடுக்கவோ விடமாட்டாங்க.

சரி, பார்க்காம வந்துட்டீங்க, வாசல்ல பொலிஸ் நிப்பாட்டிட்டாங்க. இதத்தான் எல்லாரும் கவனமா வாசிக்கணும். உங்கட உடுப்புப் பிழையா இருக்கலாம், உங்கட வாக்குரிமை போகாது. நிலையத்துக்குள்ள ஒழுங்கக் காப்பாத்துறது தலைமைதாங்கும் அலுவலர்ட அதிகாரம், குழப்படி செய்றவர வெளிய அனுப்பலாம், ஆனா அந்த அதிகாரத்த வச்சு வாக்களிக்க உரிமை உள்ள ஒருத்தருக்கு வாக்களிக்கிற வாய்ப்பே இல்லாமச் செய்ய ஏலாது என்டு சட்டமே சொல்லுது. மறைச்சிட்டு வாங்க, மாத்திட்டு வாங்க என்டு சொல்லலாம். உங்களுக்கு வோட் இல்ல, போங்க என்டு சொல்ல ஏலாது.

ஒரு வயசான அம்மா, மட்டக்குளி பக்கம் ஒரு நிலையத்தில. வீட்டு வேலைக்குப் போற மனுசி, தோள்ல ஒரு துணிப் பை, பையில ஒரு வேட்பாளர்ட சிரிச்ச முகம். வாசல்ல நின்ட சார்ஜன்ட் சிங்களத்தில இத எடுத்துட்டு உள்ளுக்குப் போக ஏலாது என்டு சொல்லி இருக்கிறார், அவர் சொன்னது சரிதான், மரியாதையாத்தான் சொல்லி இருக்கிறார். அம்மாவுக்கு விளங்கினது, உள்ளுக்குப் போக ஏலாது என்டது மட்டும்தான். பேசாமத் திரும்பி நடந்துட்டா. லைன்ல நின்ட ஒரு முஸ்லிம் தம்பி ஓடி வந்து எனக்குச் சொன்னபடியா நான் ஆள அனுப்பிக் கூப்பிட்டு எடுத்தன். என்னம்மா போறீங்க என்டு கேட்டா, "எனக்கு இந்த முற வோட்டு இல்லையாம் சார், பரவால்ல" என்டு சொல்றா. பைய உள்பக்கம் வெளிய வாற மாதிரித் திருப்பினம், அவ்வளவுதான், உள்ளுக்குப் போய் வோட்டப் போட்டுட்டுப் போனா. அந்தத் தம்பி சொல்லாட்டி? அன்டைக்கு வேற நிலையங்கள்ல எத்தனை அம்மாமார் பரவால்ல என்டு நடந்திருப்பாங்க என்டு நினைச்சா எனக்கு இன்டைக்கும் மனசு ஆறாது. அந்தப் பரவால்ல என்ட பழக்கம் எங்கட சனத்துக்கு எப்பிடி வந்திச்சு என்டும் எனக்குத் தெரியும், கந்தோர் கந்தோரா சிங்களத்தில மட்டும் எழுதின கடிதத்தோட அலைஞ்ச சனம், ஏலாது என்டு ஒரு வார்த்த காதில விழுந்தா மிச்சத்தக் கேக்காமத் திரும்புற சனம். 1987ல 13ஆவது திருத்தத்தில தமிழையும் அரச கரும மொழி என்டு போட்டாச்சு, அதால வாசல்ல விளங்காட்டி தமிழ் தெரிஞ்ச அலுவலரக் கூப்பிடுங்க என்டு கேக்கிறது உங்கட உரிமை, அதுக்கு வெக்கப்படத் தேவையில்ல.

இன்னொரு பக்கமும் இருக்கு, அதுவும் கொழும்பில இருக்கிறவங்களுக்கு நல்லா விளங்கும். இந்தச் சட்டம் என்ட சுதந்திரத்தப் பறிக்குது, நான் யாருக்குப் போடுறன் என்டு ஊருக்கே தெரிஞ்சாலும் எனக்குப் பயமில்ல என்டு சில இளம் ஆக்கள் சொல்றாங்க. தம்பி, உங்களுக்குப் பயமில்ல, உங்களுக்குப் பின்னால லைன்ல நிக்கிறவருக்கு? தோட்டம் என்டு கொழும்பில சொல்ற நெருக்கமான குடியிருப்புகள்ல, ஃபிளாட்ஸ்ல, ஒரே முதலாளிக்கிட்ட வேலை செய்ற ஆக்களுக்குள்ள யார் எந்தக் கட்சி என்டு வெளிய தெரியிறது சும்மா விசயம் இல்ல. எல்லாரும் நம்மட டீ-ஷேர்ட்டப் போட்டுட்டுப் போங்கடா என்டு கடை முதலாளி சொன்னா போடமாட்டன் என்டு சொல்ல ஒரு நாட்கூலிக்குத் தைரியம் வராது. ஆனா போட்டா பொலிஸ் பிடிக்கும் முதலாளி என்டு சொல்லலாம். பெலன் இல்லாதவனுக்குச் சொல்லித் தப்ப ஒரு நல்ல சாட்டக் குடுக்கிற சட்டம் இது. ரகசிய வாக்கு என்டு நாங்க சொல்றது மறைப்புக்குப் பின்னால நிக்கிற அந்தச் சில நிமிசம் மட்டும் இல்ல, வீட்டில இருந்து அங்க நடந்து போற வழியும் அதில சேரும்.

எல்லையப் போடுறதுதான் கஷ்டம், அது உலகம் முழுக்க உள்ள கஷ்டம். அமெரிக்காவில மினசோட்டா மாநிலத்தில வாக்களிப்பு நிலையத்தில அரசியல் அடையாளம் எதுவுமே அணியக் கூடாது என்டு சட்டம் இருந்திச்சு. 2010ல ஒரு வாக்காளர் டீ பார்ட்டி என்ட வலதுசாரி அரசியல் இயக்கத்தின்ட டீ-ஷேர்ட்டோட, அடையாள அட்டையக் கேளுங்க என்டு எழுதி ஷேர்ட்ல குத்தின பட்டன் பேட்ஜோட போக, நிப்பாட்டிட்டாங்க, கடைசியில பேரையும் விலாசத்தையும் எழுதிட்டு வோட் போட விட்டாங்க. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 2018ல ஏழுக்கு ரெண்டு என்டு தீர்ப்பு வந்திச்சு. வாக்களிப்பு நிலையத்த அமைதியா வைக்க உடுப்புக்கு விதி போடலாம், அது பிழையில்ல, ஆனா அரசியல் என்டா என்ன என்டு தெளிவாச் சொல்லாம வாசல்ல நிக்கிறவர்ட மனசுக்கு விட்டது பிழை என்டு சொல்லி அந்தச் சட்டத்த ரத்துச் செய்தாங்க. விசாரணையில அரச தரப்பு சட்டத்தரணிக்கிட்ட கேட்ட கேள்வி நல்ல கேள்வி: துப்பாக்கி வச்சிருக்கிற உரிமையச் சொல்ற அரசியலமைப்பின்ட இரண்டாம் திருத்தத்த ஷேர்ட்ல எழுதினா? விடமாட்டம். பேச்சுச் சுதந்திரத்தச் சொல்ற முதலாம் திருத்தத்த எழுதினா? விடுவம். இப்பிடி ஆளுக்கு ஆள் மாறினா அது சட்டமா இருக்க ஏலாது.

எங்கட சட்டத்தில சின்னம், படம், போஸ்டர் என்டு பொருள்களின்ட பேரச் சொல்லி இருக்கிறது அந்த வகையில நல்லம், ஆனாலும் சந்தேகம் வரும். ராஜபக்ஷ குடும்பத்தார் போடுற குரக்கன் நிறச் சால்வைய எடுங்க, நாட்டுக்கே தெரியும் அது யாரின்ட அடையாளம் என்டு, ஆனா அது கட்சிச் சின்னமும் இல்ல, வேட்பாளர் படமும் இல்ல. சாதாரண வாக்காளர் ஒருத்தர் அதப் போட்டுட்டு வந்தா நான் விட்டிருப்பன். சட்டத்தில இல்லாத தடைய நான் என்ட ஊகத்தில போட்டா நாளைக்கு இன்னொரு அலுவலர் சிவப்பு சாரியையும் தடுப்பார்.

வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரரோட கதைச்சிட்டு வந்து அங்க விடுறாங்களே என்டு கேக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்த. கனடாவில வாக்களிப்பு நிலையத்துக்குள்ள கட்சிய ஆதரிக்கிற எதையும் அணியிறது தடை. இந்தியாவில 100 மீட்டர். அவுஸ்திரேலியாவில வாசல்ல இருந்து 6 மீட்டர் தாண்டினா கட்சிக்காரர் நின்டு கார்ட் குடுக்கலாம். எங்களுக்கு அரை கிலோமீட்டர். கொட்டாஞ்சேனை மாதிரி நெருக்கமான இடத்தில அரை கிலோமீட்டருக்குள்ள ரெண்டு மூன்டு நிலையம் வந்துடும், அதால தூரத்த அளந்து பார்க்காதீங்க, வீட்ட விட்டு இறங்கும்போதே சாதாரண உடுப்போட இறங்குங்க.

கட்சியின்ட முகவரா நிலையத்துக்குள்ள இருக்கப் போறவங்க இன்னும் கவனமா இருக்கணும். நீங்க நாள் முழுக்க அங்க உக்காந்திருப்பீங்க, ஒவ்வொரு வாக்காளரும் உங்களப் பார்த்துட்டுத்தான் போறாங்க. நியமனக் கடிதம் போதும், சின்னம் தேவையில்ல. அதே மாதிரி டியூட்டிக்குப் போற ஆசிரியர்மார், அரச ஊழியர்மார், உங்களுக்கு நிறத்தில சட்டத் தடை இல்லாட்டியும் கட்சி நிறத்தத் தவிர்த்துடுங்க, நீங்க யாரின்ட ஆள் என்டு ஒரு வாக்காளருக்குச் சந்தேகம் வந்தாலே கஷ்டம்.

வாசல்ல நிப்பாட்டினா சண்ட பிடிக்க வேணாம், திரும்பிப் போகவும் வேணாம். ஷேர்ட்ட உள்பக்கம் வெளிய மாத்திப் போடலாம், மேல ஒரு சால்வையப் போடலாம், தொப்பியப் பையில வைக்கலாம், வீடு கிட்ட என்டா போய் மாத்திட்டு வரலாம், 2024ல காலம 7 மணியில இருந்து பின்னேரம் 4 மணி வரைக்கும் நேரம் இருந்திச்சு. சிங்களம் வராட்டி இந்த ஒரு வரிய மட்டும் பாடமாக்கி வைங்க: "மம மேக்க மாரு கரலா என்னம், மட்ட சந்தே தென்ன ஓனே." நான் இத மாத்திட்டு வாறன், எனக்கு வோட் போடணும் என்டு அர்த்தம். மாத்திட்டு வந்த பிறகும் விடாட்டி எஸ்பிஓவக் கூப்பிடச் சொல்லுங்க, அவரும் விடாட்டி வெளிய நிக்கிற தேர்தல் கண்காணிப்பாளர்மார்கிட்டச் சொல்லுங்க, ராஜகிரியவில இருக்கிற தேர்தல் ஆணைக்குழுவின்ட முறைப்பாட்டுப் பிரிவுக்கும் அறிவியுங்க. இதெல்லாத்தையும் நாலு மணிக்கு முந்தியே செய்யணும், அடுத்த நாள் முறைப்பாடு செய்து ஆள்மேல நடவடிக்கை எடுக்கலாம், வோட்ட மட்டும் திருப்பி எடுக்க ஏலாது.