"எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்"

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் நான் அதிகம் கேட்ட பேச்சு இதுதான். உறுப்பினர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் பல ஊர்த் தொடக்கப் பள்ளிகளில் உட்கார்ந்திருக்கிறேன். தலைமையாசிரியர், "ஏதாவது குறை இருந்தா சொல்லுங்கம்மா" என்பார். பாயில் இருக்கும் தாய்மார்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். யாராவது ஒருவர் இதைச் சொல்வார். தீர்மான நோட்டு கை மாறும், கையெழுத்து விழும், டீ வரும். கூட்டம் முடிந்தது.

2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் இந்தக் குழுவுக்குக் கொடுத்த இடம் சின்னதில்லை. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பது, வந்த நிதி எதற்குச் செலவானது என்று கேட்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது எல்லாம் இவர்கள் பொறுப்பு. இவ்வளவு உரிமை உள்ளவர்கள் வாய் திறக்காமல் எழுந்து போகிறார்கள் என்றால், குறை அவர்களிடம் இல்லை. கூட்டத்தை நடத்தும் நம்மிடம்தான் இருக்கிறது.

ஆசிரியர் நாற்காலியிலும் அம்மாக்கள் தரையிலும் இருந்தால் அங்கே கலந்துரையாடல் நடக்காது, விசாரணைதான் நடக்கும். அதனால் போனதும் நாற்காலிகளை ஓரமாகப் போடச் சொல்லிவிடுவேன். எல்லோரும் பாயில், வட்டமாக. முட்டி வலி உள்ளவர்கள் இருந்தால் எல்லோருக்குமே நாற்காலி. தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே ஒன்று கேட்டுக்கொள்வேன்: "சார், நீங்க கடைசியா பேசுங்க." அவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அதற்குத் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான்.

அடுத்தது, கேள்வி. "குறை இருக்கா?" என்று கேட்டால், பிள்ளை படிக்கும் பள்ளியைப் பற்றி வாத்தியார் முன்னாலேயே புகார் சொல் என்று கேட்பதாகத்தான் ஒரு தாய்க்குப் படும். எந்தத் தாய் சொல்வார்? ஒரு பள்ளியில் நான் இப்படிக் கேட்டேன்: "காலையில கொடுத்துவிடுற தண்ணி பாட்டில் சாயங்காலம் எப்படித் திரும்பி வருது?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு ஓர் அம்மா, "எம் பொண்ணு அப்படியேதான் கொண்டாருது" என்றார். "எங்க வீட்டுலயும் அப்படித்தான்" என்றார் பக்கத்தில் இருந்தவர். ஏன் என்று கேட்டேன். முதலாமவர் முந்தானையைச் சுருட்டிக்கொண்டே மெல்லச் சொன்னார்: "பாத்ரூம் கதவுல தாழ்ப்பா இல்லையாம். ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி கதவப் புடிச்சுக்கணுமாம். அதுக்குப் பயந்துகிட்டு தண்ணியே குடிக்கிறதில்ல."

தலைமையாசிரியருக்கு அதுவரை இது தெரியாது. அவர் நல்ல மனிதர்தான். தாய்மார்கள் அவரிடம் மனம் விட்டுச் சொல்லும் விதத்தில் யாரும் கேட்டதில்லை.

நான் சொன்ன அந்தக் "கொஞ்ச நேரம்" ரொம்ப முக்கியம். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர், கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குச் சுமார் ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டறிந்தார். மூன்று நொடி பொறுத்ததும் பதில்கள் நீண்டன, கூடுதலான பிள்ளைகள் பேசினார்கள். பள்ளிக்கூடம் என்றாலே தயங்கும் ஒரு தாய்க்கு மூன்று நொடி எங்கே போதும்? மனசுக்குள் பத்து வரை எண்ணுவேன். அந்தப் பத்து எண்ணுவதற்குள் நமக்குத்தான் கை பரபரக்கும். பொறுக்க வேண்டும்.

எல்லா ஊரிலும் நிறையப் பேசும் பெரியவர் ஒருவர் இருப்பார். அவரை அடக்கப் பார்த்தால் கூட்டமே முறைத்துக்கொள்ளும். அவர் சொன்னதை நோட்டில் எழுதி, திரும்ப வாசித்துக் காட்டி, "சரியா எழுதியிருக்கேனாண்ணே? இப்ப அந்தப் பக்கம் கேட்டுட்டு வர்றேன்" என்றால் போதும். அவருக்கு வேண்டியது, தன் பேச்சு பதிவாகிவிட்டது என்ற உறுதிதான்.

இவ்வளவு சுலபமாகத் தீராத ஒன்றும் உண்டு. வட்டமாக உட்காரச் சொன்னாலும் காலனியிலிருந்து வந்த தாய்மார்கள் வாசலோரம் தனியாகவே இருப்பார்கள். ஒடுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்குக் குழுவில் உரிய விகிதத்தில் இடம் தரவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் பாயில் இடம் வாங்கித் தருவது நம் வேலை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லி, ஒரே எண்காரர்களைச் சேர்த்துச் சிறு குழுக்களாகப் பேசவைப்பேன். சில ஊர்களில் இதற்கே முகம் சுளிப்பார்கள். சுளித்தாலும் நான் மாற்றியதில்லை. அங்கே விட்டுக்கொடுத்தால் அப்புறம் கூட்டம் எதற்கு?

தீர்மான நோட்டுக்கு வருகிறேன். அன்று உதவிக்கு வந்த ஆசிரியை பழக்கத்தில், "கழிப்பறைப் பராமரிப்பு குறித்து விவாதிக்கப்பட்டது" என்று எழுதினார். அதை அடித்துவிட்டு அந்த அம்மா சொன்னபடியே எழுதச் சொன்னேன்: "கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாததால் பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதில்லை." அதற்குக் கீழே, யார், எந்தத் தேதிக்குள் மாட்டுவது என்று ஒரு வரி. முழுவதையும் சத்தமாக வாசித்த பிறகுதான் கையெழுத்து.

அடுத்த மாதக் கூட்டத்தில் முதல் வேலையாக அந்த வரியை வாசித்தோம். "போட்டாச்சும்மா" என்றார் தலைமையாசிரியர். அந்த அம்மா எழுந்தார். "இருங்க சார், பாத்துட்டு வந்துடறேன்" என்று கழிப்பறைப் பக்கம் நடந்தார்.