புயலுக்குப் பேர் வைக்கும் வரை பார்த்திருக்க வேண்டாம்

வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகலாம் என்று வளிமண்டலவியல் திணைக்களம் சொன்னதும், இலங்கையின் கிழக்கில், எங்கள் பக்கம் எல்லாரும் கேட்பது "புயலா, வெறும் மழையா?" என்றுதான். நிவாரணத்துக்கு அந்தக் கேள்வியே தேவையில்லை. காற்று மணிக்கு 62 கிலோமீற்றரைத் தொட்டால்தான் அது புயல், அப்போதுதான் பேர். 2023 பெப்ரவரி தொடக்கத்தில் கிழக்கில் கரையேறிய தாழமுக்கத்துக்குப் பேரே கிடையாது. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பை அடித்த புயலைக் கண்ட பெரியவர்கள் இதையெல்லாம் கணக்கெடுப்பதில்லை. ஆனால் அறுவடைக்கு நிற்கும் பெரும்போக நெல் சாய்வதற்கும் சேனாநாயக்க சமுத்திரம் என்ற குளத்தின் வான்கதவு திறப்பதற்கும் பேரில்லாத மழையே போதும். "இது புயலில்லையே" என்று கந்தோரில் யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடாதீர்கள். வெள்ளமும் அனர்த்தம்தான்.

நடைமுறை சின்னது. ஜீஎஸ், அதாவது கிராம சேவகர், சேதத்தைப் பதிந்து பிரதேச செயலகத்துக்கு அனுப்புவார், அங்கே அனர்த்த நிவாரண உத்தியோகத்தர் சரிபார்ப்பார். இந்த இரண்டு மேசைக்கும் நடுவில்தான் சனம் மாட்டுப்படுகிறது.

வாவிக் கரையோரத்து அக்கா ஒருவர். தண்ணீர் வடிந்த மறுநாளே சேற்றை வழித்து, சுவரைத் தும்புத்தடியால் தேய்த்துக் கழுவிவிட்டார். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு, வேறென்ன செய்வது? பத்து நாள் கழித்து வந்தவர்கள், "தண்ணி வந்த அடையாளமே இல்லையே" என்று எழுதிக்கொண்டு போனார்கள். துப்புரவாக இருந்ததுதான் அவர் செய்த பிழை. 2025 நவம்பரின் டித்வா புயலுக்குப் பிறகு வீடு சுத்தம் செய்யவே 25,000 ரூபா அறிவித்த நாடு இது!

ஆகவே துடைப்பத்தைத் தொடுமுன் படம் எடுங்கள். சுவரில் தண்ணீர்க் கோடு தெரிய வேண்டும், பக்கத்தில் ஆள் நின்றால் உயரமும் தெரியும். மழைக்கு முன்பே வீட்டை ஒருதரம் எடுத்து, வெளியூரில் இருக்கும் சொந்தக்காரருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். போன் நனைந்தாலும் படம் தப்பும். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், காணி உத்தரவுப்பத்திரம் எல்லாவற்றுக்கும் இப்படியே.

முகாமுக்குப் போகாமல் மச்சாள் வீட்டில் தங்கியவர்களின் பேர்தான் முதலில் விடுபடும். போன அன்றே ஜீஎஸ்ஸுக்குச் சொல்லுங்கள், வாயால் மட்டும் சொல்லாமல் குறுஞ்செய்தியும் போடுங்கள். ஒரே கூரையின் கீழ் இரண்டு குடும்பம் என்றால் அது பதிவில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். வாடகைக்கு இருப்பவர் "வீட்டுக்காரரைக் கூட்டிவா" என்ற பதிலோடு திரும்ப வேண்டாம். கூரைக் காசு வீட்டுக்காரருக்குப் போகட்டும், நனைந்த மெத்தையும் அரிசியும் உங்களுடையவை. அதைத் தனியாக எழுதிக் கேளுங்கள்.

வயல் இன்னும் மோசம். போடியாரின் காணியைக் குத்தகைக்குச் செய்பவர் விதைத்து, உரம் போட்டு, கடனும் பட்டிருப்பார். கமநல சேவை நிலையப் பட்டியலில் போடியார் பேர் இருந்தால் இழப்பீடும் அவர் கணக்குக்கே போய்ச் சேரும். அழிந்த பிறகு பேர் மாற்ற வழியில்லை. போகத் தொடக்கத்திலேயே வயல் வட்டத்துக்குப் பொறுப்பான வட்டவிதானையிடம் சொல்லி, குத்தகையை எழுத்தில் வாங்கிப் பதிந்துகொள்ள வேண்டும். நெல் சாய்ந்துவிட்டதா? அறிவிக்காமல் மெஷினை இறக்காதீர்கள். வெட்டிய வயலில் யாரும் சேதம் பார்க்க மாட்டார்கள்.

அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117. ஆனால் அந்த அழைப்பு விண்ணப்பமாகாது. அதற்குக் கடிதம்தான், தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் கேட்கலாம். பட்டியலில் பேர் இல்லையென்றால், ஏன் இல்லை என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பிரதேச செயலகத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் சொல்லியாக வேண்டும். எந்தக் கடிதத்துக்கும் இரண்டு பிரதி, உங்கள் பிரதியில் திகதி முத்திரை. முத்திரை வைக்கத் தயங்கினால் பதிவுத் தபாலில் போட்டு, துண்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.