லாபிடேரியத்துக்குத் தமிழில் என்ன சொல்?

திருப்பணி நடக்கும் பழைய கோயில்களில் மதிலோரம் பார்த்திருப்பீர்கள். உடைந்த தூண், தலைகீழாகக் கிடக்கும் போதிகை (தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்கும் கல்), கொடுங்கையில் (கூரையின் வளைந்த விளிம்பு) ஒரு துண்டு, கல்வெட்டு பாதி வரியில் நின்றுபோன குமுதக் கல் (அடித்தளத்தின் உருண்டை வரிசைக் கல்). மேலே யாராவது துணி காயப் போட்டிருப்பார்கள். அந்தக் கற்களை எங்கிருந்து எடுத்தோம் என்று குறித்து, கூரையின் கீழ் முறையாக வைத்துக் காட்டினால், அந்த இடத்துக்கு ஐரோப்பாவில் லாபிடேரியம் என்று பெயர்.

சொல் லத்தீன். லாபிஸ் என்றால் கல். வேற்றுமை ஏற்கும்போது லாபிட் என்று திரியும். ஏரியம் என்பது இடத்தைக் காட்டும் விகுதி. அக்வேரியம், ஹெர்பேரியம் எல்லாம் அதே வார்ப்புதான். இடிந்து கிடக்கும் வீட்டை ‘டைலாபிடேட்டட்’ என்கிறார்களே, அதற்குள் இருப்பதும் இந்தக் கல்லே. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இடைக்கால ஐரோப்பாவில் மணிக்கற்களின் குணங்களைச் சொல்லும் நூல்களுக்கும் இதே பெயர் உண்டு. பழைய நூல் பற்றிய கட்டுரையில் இச்சொல் வந்தால் கட்டிடத்தைத் தேடாதீர்கள்.

இத்தாலியின் வெரோனா நகரில் ஷிப்பியோனே மாஃபெய் 18ஆம் நூற்றாண்டில் கல்வெட்டுகளைச் சேர்த்து அமைத்த கூடம் இவ்வகையில் மிகப் பழையவற்றுள் ஒன்று. எனக்குப் பிடித்தது செக் நாட்டின் பிராக் நகரில் இருப்பது. 1891 கண்காட்சிக்காகக் கட்டிய மண்டபத்தில் 1905 முதல் இயங்குகிறது. அந்தக் கண்காட்சிக்கு முந்தைய ஆண்டு, 1890 செப்டம்பரில், வல்டாவா ஆற்றில் வெள்ளம் வந்து சார்லஸ் பாலத்தின் சில வளைவுகள் இடிந்தன. இரண்டு சிலைத் தொகுதிகள் ஆற்றில் விழுந்தன. அதில் ஒன்று புனித சவேரியார். ஆம், 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த அதே சவேரியார்தான். சிற்பி பிரோகோஃப் 1711இல் செதுக்கிய அந்தச் சிலை இப்போது லாபிடேரியத்தில் இருக்கிறது. பாலத்தில் நிற்பது நகல். விழாமல் தப்பியவற்றையும் விட்டுவைக்கவில்லை. மணற்கல்லை மழையும் நிலக்கரிப் புகையும் அரித்ததால், அவற்றிலும் பலவற்றை உள்ளே கொண்டுபோய்விட்டு நகல்களை நிறுத்தினார்கள்.

உள்ளே கொண்டுவந்தால் மட்டும் கல் பிழைத்துவிடாது. கிருஷ்ணா கரையிலிருந்த அமராவதி ஸ்தூபத்தின் சுண்ணாம்புக்கல் பலகைகள், சென்னைவாசிகள் ஒரு காலத்தில் ‘செத்த காலேஜ்’ என்று அழைத்த எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவற்றைச் சிமெண்ட் வைத்துச் சுவரில் பதித்தார்கள். அன்றைக்கு அதுதான் பத்திரம் என்று தோன்றியிருக்கும். சுவரின் ஈரம் உப்பைக் கரைத்துக் கல்லுக்குள் கொண்டுவரும். ஈரம் காயும்போது உப்பு உள்ளேயே படிகமாகும். மேல்பரப்பு செதில் செதிலாகப் பெயரும். செதுக்கிய முகங்கள் இருப்பதே அந்த மேல்பரப்பில்தான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘கல் அருங்காட்சியகம்’ என்றால் பாறையும் கனிமமும் நினைவுக்கு வரும். ‘சிற்பக்கூடம்’ என்றால் மாமல்லபுரத்தில் உளிச் சத்தம் கேட்கும் பட்டறை. ‘கல்வெட்டுக் கூடம்’ எழுத்துள்ள கல்லை மட்டும் சேர்த்துக்கொண்டு தூணையும் போதிகையையும் வெளியே நிறுத்திவிடும். ‘கல்லகம்’ அழகான சொல். திருச்சி–அரியலூர் தடத்தில் அந்தப் பெயரில் ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. அது பெரிய இடைஞ்சல் இல்லை. ஆனால் கல் இருக்கும் இடம் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை.

என் ஓட்டு ‘கற்காப்பகம்’ என்பதற்கு. ஆவணக் காப்பகம் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் பாதுகாக்கும் பொருள் தானாகவே வந்துவிடும். அப்புறம், காப்பகம் என்றதும் நமக்குத் தோன்றும் இன்னொரு பொருளும் இங்கே பொருந்துகிறது: தமக்கென்று வீடு இல்லாதவர்களை வைத்துப் பார்க்கும் இடம். இந்தக் கற்களும் தம் கட்டிடத்தை இழந்தவைதானே. மணிக்கல்லோடு குழப்பம் வரும் என்று நினைத்தால் ‘கட்டிடக் கற்காப்பகம்’ என்று நீட்டலாம். “வடக்குப் பிரகாரத்திலிருந்து எடுத்த போதிகைகள் கற்காப்பகத்தில் உள்ளன” என்று ஒரு பலகையில் எழுதிப் பாருங்கள். யாருக்கும் அகராதி தேவைப்படாது.