கலிம்பாவில் சரளி வரிசை வரவில்லையா? குறை பிள்ளையிடம் இல்லை

மதுரை அண்ணா நகரில் பாட்டும் கீபோர்டும் சொல்லிக்கொடுக்கிறேன். இப்போதெல்லாம் பெற்றோர் பலர் ஆன்லைனில் வாங்கிய கலிம்பாவோடு (உலோகக் கீகளைக் கட்டைவிரலால் தட்டி வாசிக்கும் சின்னக் கருவி) பிள்ளையை அழைத்து வருகிறார்கள். "சரளி வரிசை நல்லாத்தான் பாடுறா மிஸ், இதுல வாசிச்சா அபஸ்வரமா கேக்குதுங்கிறா. ஸ்வர ஞானம் இல்லையோ?" என்று பிள்ளையை வைத்துக்கொண்டே கேட்கிறார்கள். தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள். அபஸ்வரம் என்று அவள் காது பிடித்ததே ஞானம்தான்.

கர்நாடக சங்கீதத்தின் ஆரம்பப் பாடமான சரளி வரிசையைச் சொல்லித்தருவது மாயாமாளவகௌளை ராகத்தில். அதற்குச் சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும், அதாவது ரி, த இரண்டின் தாழ்ந்த வடிவமும் வேண்டும். 17 கீ கலிம்பாவோ பெரும்பாலும் சி மேஜரில் சுருதி சேர்த்து வருகிறது. நம் கணக்கில் அது சங்கராபரண ராகம். அந்த இரண்டு ஸ்வரமும் அதில் கிடையாது. கூடவே வரும் சின்னச் சுத்தியலால் ரி, த கீகள் ஐந்தையும் தட்டிச் சுருதி இறக்கலாம்தான். ஆரம்பத்திலேயே அந்த வம்பு வேண்டாம்.

மோகன ராகத்தில் தொடங்குங்கள். ஸ ரி க ப த ஐந்தும் அப்படியே இருக்கின்றன. நடுக் கீயை விட்டு எண்ணினால் மத்திமமான (ம) இடப்பக்கம் இரண்டாவது கீ, நிஷாதமான (நி) வலப்பக்கம் மூன்றாவது கீ, இரண்டையும் தொடாமல் விட்டால் போதும். எல்லோரும் படிக்கிற 'வர வீணா' கீதமே கைக்கு வந்துவிடும்.

கக பா பா, தப ஸா ஸா. ரிஸ தத பா, தப கக ரீ. முதல் 'கக பா பா' முழுக்க வலது கட்டைவிரல். அப்புறம் த இடது, ப வலது, மேல் ஸ இடப்பக்கம் நாலாவது கீ. பிள்ளைகள் தடுமாறுவது இதற்கு அடுத்த இடத்தில். 'ரிஸ'வில் வரும் மேல் ரிஷபம் வலப்பக்கம் நாலாவது. கடைசி 'ரீ' கீழ் ரிஷபம், அது நடுக் கீக்கு இடப்பக்கம் ஒட்டினாற்போல. ஸ்தாயி (கீழ், மேல் ஸ்வர வரிசை) மாறினால் ஸ்வரம் கை மாறுகிறது. கீபோர்டு பழகிய பிள்ளைக்கு இதைக் கையைப் பிடித்துக் காட்டத்தான் வேண்டும். காரணம் கருவியின் அமைப்புதான். கலிம்பா, ஜிம்பாப்வேயின் ஷோனா மக்கள் வாசிக்கும் ம்பிரா வழியில் வந்த கருவி; 1950களில் இசை ஆய்வாளர் ஹியூ டிரேசி தென்னாப்பிரிக்காவில் தயாரித்து விற்றபோது, அடுத்தடுத்த ஸ்வரங்களை இரு கட்டைவிரலுக்கும் மாற்றி மாற்றி வைத்தார்.

'பா'வுக்கு ஒரே தட்டு. மிச்ச அட்சரத்தை (தாள எண்ணிக்கையை) ஒலியே நிரப்பும். அவசரப்பட்டு இரண்டாவது முறை தட்ட விடாதீர்கள்.

கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதை, எதிர்பார்க்க வேண்டாம். பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமியின் தாயார் மதுரை சண்முகவடிவு வாசித்த வீணையில் கம்பியை இழுத்து ஸ்வரத்தை அசைக்கலாம். கலிம்பா கீயில் அது நடக்காது. அதனால்தான் கமகம் நிறைந்த தோடி, பைரவி ராகங்கள் பக்கம் போகாமல், நேர் ஸ்வரத்திலேயே அழகாக நிற்கிற கீதமாகப் பார்த்துக் கொடுக்கிறேன்.

முதலில் ரூபக தாளம் போட்டு ஸ்வரத்தைப் பாட வையுங்கள், பிறகு கருவி. கட்டைவிரல் நுனி சிவந்தால் அன்றைக்குக் கலிம்பாவை எடுத்து வைத்துவிட்டு, பாட்டை மட்டும் தொடரச் சொல்லுங்கள்.