களர் நிலத்துக்கு மானிய ஜிப்சம்: அலையாமல் வாங்க

சோடியம் மிகுந்து கெட்டுப்போன களர் நிலத்தைச் சீர்செய்ய வேளாண்மைத் துறை மானியத்தில் ஜிப்சம் தருகிறது. கேட்க வேண்டிய இடம் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையம். எந்தத் திட்டத்தில், எவ்வளவு மானியம் என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும்.

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் மூன்று முறை அலைந்து, ஒரு ஏக்கருக்கு நாலு மூட்டை வாங்கி வந்து போட்டார். அது நிலக்கடலைக்குப் போடுகிற 200 கிலோ கணக்கு. களருக்கு டன் கணக்கில் வேண்டும். அந்த வருஷமும் நாற்று திட்டுத் திட்டாகக் கருகியது. "ஜிப்சமெல்லாம் சும்மா" என்கிறார் இப்போது. அவர்மேல் என்ன தப்பு? அளவை யாருமே அவருக்குச் சொல்லவில்லை.

மண்வள அட்டையில் 12 விவரம் இருக்கும். ஜிப்சம் எவ்வளவு தேவை என்பது அந்தப் பன்னிரண்டில் கிடையாது. மண் பரிசோதனை நிலையத்தில் "ஜிப்சம் தேவை பார்த்துக் கொடுங்கள்" என்று தனியாகக் கேளுங்கள். போர் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொண்டுபோங்கள். தண்ணீரே களராக இருந்தால் சரிசெய்த நிலம் மறுபடி கெடும்.

நிலம் களரா உவரா என்பதும் அந்தச் சோதனையில் தெரிந்துவிடும். கார அமிலநிலை (pH) 8.5-க்கு மேல், நனைந்தால் சேறாகக் குழைந்து காய்ந்தால் கல்லாக இறுகுவது களர். வெள்ளையாக உப்புப் பூத்து, உப்பின் அளவு (EC) 4 dS/m-க்கு மேல் போனால் உவர். வெறும் உவருக்கு ஜிப்சம் வீண்செலவு; நல்ல தண்ணீர் கட்டி வடித்தாலே போதும்.

சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் நகல்களை முதல் தடவையே கொண்டுபோங்கள். பட்டா இன்னும் இறந்துபோன அப்பா பேரில் இருந்தால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பட்டா மாறுதலுக்கு மாதக்கணக்கில் ஆகும், இன்றைக்கே மனுப் போடுங்கள். குத்தகைக்காரர்கள் வி.ஏ.ஓ.விடம் சாகுபடிச் சான்று வாங்கி வையுங்கள். அதுவும் இல்லாமல் போனால் பேச்சே எடுபடாது.

கேட்காமல் வெளிக்கடையில் வாங்கிவிடாதீர்கள். பின்னால் பில்லை நீட்டினால் மானியம் வரும் என்று நம்ப முடியாது.

நடவு நேரத்தில் போனால் "ஒதுக்கீடு முடிஞ்சிடுச்சு, அடுத்த சீசன்ல பாருங்க" என்பார்கள். சித்திரையிலேயே போய் எழுத்தில் மனுக் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். "வாயால சொன்னாப் போதும்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அப்புறமும் இழுத்தடித்தால் கலெக்டர் ஆபீசில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் அந்த நகலைக் காட்டுங்கள். நகல் இருக்கிறவருக்குத்தான் அங்கே பதில் கிடைக்கிறது.

ஜிப்சம் போட்டு, உழுது, தண்ணீர் கட்டி, வடிக்க வேண்டும். வடிகிற தண்ணீரோடுதான் சோடியம் வெளியே போகும். பிறகு தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுது, திருச்சி 3 மாதிரி களர் தாங்கும் நெல்லை நடலாம். வடிகால் பக்கத்து வயல் வழியாகப் போகிறது என்றால், லோடு இறக்குவதற்கு முன்பே அந்த வயல்காரரிடம் பேசிவிடுங்கள்.