சின்ன போர்டு ஏன் திணறுகிறது?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடையில் பில் போட, வியாசர்பாடி டியூஷன் சென்டரில் பிள்ளைகள் பைத்தான் பழக, ராஸ்பெர்ரி பை போன்ற சின்ன போர்டே (ஒரே அட்டையில் அடங்கிய குட்டிக் கணினி) தாராளம். வாங்குகிறவர்கள் எத்தனை கோர், எத்தனை ஜிபி என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் "ரொம்ப ஸ்லோ சார்" என்று திரும்பி வரும் போர்டுகளில் கோளாறு பெரும்பாலும் அடாப்டரிலோ, கூரையிலோ, கெர்னலிலோதான் (வன்பொருளை இயக்கும் ஓஎஸ்ஸின் மையப் பகுதி) இருக்கும்.

ராஸ்பெர்ரி பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். பழைய செல்போன் சார்ஜரில் மெல்லிய கேபிளைச் செருகினால் என்ன ஆகும்? 28 கேஜ் கம்பியுள்ள ஒரு மீட்டர் கேபிளில் போக, வர சுமார் 0.43 ஓம் தடை. ஒரு ஆம்பியர் ஓடினாலே போர்டுக்கு வந்து சேர்வது 4.57 வோல்ட். 4.63-க்குக் கீழே இறங்கியதும் போர்டு தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ராஸ்பெர்ரி பையின் சொந்த அடாப்டர் 5.1 வோல்ட் தருவது இந்த இழப்பை ஈடுகட்டத்தான்.

வேகம் குறைக்கப்பட்டதா என்று அறிய, டெர்மினலில் (கட்டளை தட்டும் திரை) vcgencmd get_throttled என்று தட்டிப் பாருங்கள். விடை 0 என்றால் கவலையில்லை. 50005 என்று முடிந்தால் இந்த நொடியே மின்னழுத்தம் குறைவு. 50000 என்றால் பூட் ஆன பிறகு எப்போதோ குறைந்து, இப்போது சரியாகியிருக்கிறது. பை 5-க்கு 5 ஆம்பியர் அடாப்டர். 3 ஆம்பியர் கொடுத்தால் யுஎஸ்பி போர்ட்டுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர்தான்; யுஎஸ்பியில் செருகிய எஸ்எஸ்டி (சேமிப்பு டிரைவ்) பாதியில் காணாமல் போவதற்கு இதுவே காரணமாக இருக்கும்.

அடுத்தது சூடு. போர்டின் வெப்பம் அறை வெப்பத்தின் மேல் ஏறி நிற்பது. ஏசி அறையில் 25 டிகிரியில் 65 காட்டிய அதே போர்டு, கொடுங்கையூர் சிமெண்ட் ஷீட் கூரைக்கடியில் கத்திரி வெயிலில் 40 டிகிரி அறையில் 80-ஐத் தொடும். 80-இல் வேகம் குறையத் தொடங்கும், 85-இல் நன்றாகவே குறையும். மூடிய பிளாஸ்டிக் பெட்டி இங்கே வேண்டவே வேண்டாம். ஹீட்சிங்க்கும் ஃபேனும் போடுங்கள். மதியம் 2 மணிக்கு, சிபியுவுக்கு முழு வேலை கொடுக்கும் ஸ்ட்ரெஸ்-என்ஜி கருவியைக் கால் மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்த பிறகே சுவரில் மாட்டுங்கள். காசிமேடு பக்கம் உப்புக்காற்றில் பின்கள் பச்சை பிடிக்கும். தூசிக்கு ஃபேனில் வடிகட்டியும் போடுங்கள்.

மெமரி கார்டு பர்மா பஜாரில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் போலிக் கொள்ளளவைக் காட்டிக்கொடுக்கும் எஃப்3 கருவியால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். ஏ1 முத்திரை (ஆப்கள் ஓடத் தேவையான வேகத்துக்கான குறி) இருக்கட்டும்.

கெர்னலில்தான் பணம் வீணாகிறது. விலை குறைவு, கோர் அதிகம் என்று வாங்கும் சில போர்டுகளுக்கு உற்பத்தியாளர் ஒரே ஒரு பழைய கெர்னலைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார். ஆர்கே3399 சிப்புக்கு அப்படி வந்த 4.4 கெர்னலின் பராமரிப்பு 2022-இல் முடிந்தது. 2012-இல் வந்த முதல் ராஸ்பெர்ரி பைக்கோ இன்னும் 32-பிட் ஓஎஸ் வருகிறது. வாங்கும் முன் ஆர்ம்பியன் (இத்தகைய போர்டுகளுக்கான லினக்ஸ்) பட்டியலில் அந்த போர்டு எந்த ஆதரவுப் பிரிவில் இருக்கிறது, மெயின்லைன் (லினக்ஸின் பொதுவான, அதிகாரபூர்வ) கெர்னலில் வைஃபை, எச்டிஎம்ஐ, வீடியோ டிகோடர் மூன்றும் ஓடுகிறதா என்று பாருங்கள்.

சிசிடிவி பார்க்க வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று: பை 5-இல் எச்.264 வீடியோவை விரித்துக் காட்டும் வன்பொருள் டிகோடரே கிடையாது, எச்.265-க்கு மட்டும்தான் உண்டு. கேமராவின் மெனுவில் எச்.265-க்கு மாற்றிவிட்டால் சிபியு மேல் விழும் சுமை பெரும்பாலும் போய்விடும்.