பழைய ஃபோர்க்லிஃப்ட்டில் பழகிப்போகும் பழுதுகள்

பல ஆண்டுகள் ஓடிய ஃபோர்க்லிஃப்ட்டைப் பரிசோதிக்கச் செல்லும்போது, கருவிப்பெட்டியைத் திறப்பதற்கு முன் அதை அன்றாடம் ஓட்டுபவரிடம் பேசுவது என் வழக்கம். பிரேக்கை இரண்டு முறை மிதித்தால் பிடித்துவிடும் என்பார். பாரத்தைத் தூக்கியபின் மெல்ல இறங்கும், லீவரைத் தொட்டுச் சரிசெய்துகொள்வேன் என்பார். திருப்பும்போது பின்பக்கம் கடகடவென்று கேட்பது வாங்கிய நாளாய் உள்ள சத்தம் என்பார். முதலாவது பிரேக் ஆயில் கசிவாகவோ, குழாயில் காற்று புகுந்ததாகவோ, லைனிங் தேய்வாகவோ இருக்கலாம். இரண்டாவது சிலிண்டர் சீல் அல்லது கன்ட்ரோல் வால்வின் உட்கசிவு. மூன்றாவது பெரும்பாலும் ஸ்டியரிங் ஆக்சிலின் கிங்பின், புஷ் அல்லது பேரிங் தேய்மானம். அவர் இவற்றை மறைக்கவில்லை. நாளுக்கு ஒரு மயிரிழை அளவில் வளரும் பழுதுக்கு அவருடைய கையும் காதும் பழகிவிட்டன. இப்படிப் பழகிப்போவதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன்.

பழகிய கண்ணுக்கு எளிதில் தப்புவது மாஸ்ட்டின் லீஃப் செயின். மாஸ்ட் என்பது வண்டியின் முன்னே நிற்கும் செங்குத்துச் சட்டம். பாரத்தை ஏந்தும் ஃபோர்க் என்ற இரு கரங்களை அதில் ஏற்றி இறக்குவது, தகடுகளைப் பின்களால் கோத்த இந்தச் செயின்தான். செயின் நீண்டுவிட்டது என்று சொன்னாலும் அதன் தகடுகள் இழுபடுவதில்லை. தகடுகளைக் கோக்கும் பின் என்ற உலோக ஊசியும் தகட்டுத் துளையும் ஒன்றையொன்று அரைப்பதால் ஒவ்வொரு கண்ணியிலும் சிறிது இடைவெளி கூடுகிறது. ஒரு கிடங்கில் செயின் முழுவதும் கிரீஸ் பூசிப் பளபளவென்று வைத்திருந்தார்கள். ஃபோர்க்கின் அடிப்பகுதி தரையில் உரசுவதைக் கண்டு சந்தேகப்பட்டு, கிரீஸைத் துடைத்துவிட்டு அளந்தேன். பிட்ச், அதாவது அடுத்தடுத்த இரு பின்களுக்கு இடையிலான தூரம், 19.05 மில்லிமீட்டர் உள்ள அந்தச் செயினில் 16 பிட்ச் நீளம் 304.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அது 314-ஐத் தாண்டியிருந்தது. பொதுவாக ஏற்கப்படும் எல்லை 3 சதவீதம், சில தயாரிப்பாளர்கள் 2 சதவீதத்திலேயே மாற்றச் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறை ஃபோர்க் தாழ்ந்தபோதும் செயினின் முனையைப் பிடித்திருக்கும் ஆங்கர் நட்டை இறுக்கி உயரத்தைச் சரிசெய்திருந்ததால், அங்கே மரையே மிச்சமில்லை. வண்டியை அன்றே நிறுத்தி, இரு பக்கச் செயின்களையும் ஆங்கர் பின்களோடு சேர்த்து மாற்றினோம்.

செயினைப் புல்லியின் மேல் ஏறி இறங்கும் பகுதியில்தான் அளக்க வேண்டும், ஏனெனில் தேய்வது அங்கேதான். அளக்கும்போது செயின் தொய்வின்றி இருக்க வேண்டும். கெட்டியான கிரீஸ் வெளியே படிந்து நிற்குமேயன்றிப் பின்னுக்குள் இறங்காது. கண்ணிகளுக்குள் ஊறிச் செல்லும் எண்ணெய்தான் தேய்மானத்தைக் குறைக்கும். உயர்த்திய ஃபோர்க்கின் கீழே, முறையாக முட்டுக்கொடுக்காமல், எக்காரணம் கொண்டும் நிற்காதீர்கள்.

நீண்ட செயினால் தாழ்ந்த ஃபோர்க் தரையில் இழுபட்டு, நிமிர்ந்த பகுதி கிடையாக வளையும் ஹீல் பகுதியில் தேய்கிறது. பாரத்தின் வளைவு விசை முழுவதும் விழும் இடமும் அதுவே. அங்கே தடிமன் 10 சதவீதம் குறைந்தால் ஃபோர்க்கைக் கழற்றிவிட வேண்டும். 50 மில்லிமீட்டர் 45 ஆவது சிறிய மாற்றமாகத் தோன்றினாலும், வளைவைத் தாங்கும் வலிமை தடிமனின் இருபடியைப் பொறுத்தது என்பதால் தாங்குதிறனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. தரையைத் தொடாத நிமிர்ந்த பகுதியை கேலிப்பரால் அளந்தால் பழைய தடிமன் கிடைக்கும். ஹீலின் அளவை அதனோடு ஒப்பிடலாம். தேய்ந்த ஹீலில் வெல்டிங் வைத்து நிரப்பித் தரும்படி என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். வெப்பப் பதப்படுத்திய எஃகை அப்படிச் சூடாக்கினால் அதன் பதம் கெட்டு, விரிசலுக்கு வழி திறந்துவிடும் என்பதால் ஒருமுறைகூட நான் இணங்கியதில்லை.

ஹைட்ராலிக் ஹோஸ் ஓடாமல் நின்றாலும் முதுமையடையும். ரப்பர் இறுகி, மாஸ்ட்டில் வளைந்தோடும் இடத்தில் முதலில் வெடிப்பு விடும். ஊசித்துளைக் கசிவைக் கையால் தடவித் தேடுவது மிக ஆபத்தானது, ஏனெனில் அழுத்தத்தோடு பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஓர் அட்டையைப் பிடித்துப் பாருங்கள். அப்படியும் காயம் பட்டால், புள்ளி அளவே தெரிந்தாலும், வலியே இல்லாவிட்டாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மின்கல வண்டிகளில் பழைய பேட்டரியை மாற்றும்போது வோல்ட்டேஜை மட்டும் பார்ப்பது போதாது. பேட்டரியின் எடையும் பாரத்துக்கு எதிர்ச்சுமை. பெயர்ப்பலகையில் குறித்த குறைந்தபட்ச எடைக்குக் கீழே போனால் வண்டியின் சமநிலை கெடும்.

வயதான வண்டிக்குப் பதிவேட்டில் “சரி” என்று டிக் அடிப்பதால் பயனில்லை. ஹவர் மீட்டர் காட்டும் மணியோடு செயின் நீளம், ஹீல் தடிமன், சேர்த்த எண்ணெயின் அளவு ஆகியவற்றை எண்களாகவே எழுதுங்கள். மூன்று முறை எழுதியபின், தேய்மானம் எந்த வேகத்தில் போகிறது என்பதைப் பக்கத்தைப் புரட்டியே கண்டுகொள்ளலாம். அதோடு, வண்டியை நிறுத்தும் அதிகாரம் ஓட்டுபவருக்கே இருக்க வேண்டும். லாரி காத்திருக்கிறது, இந்த ஒரு லோடை மட்டும் இறக்கிவிடு என்று மேற்பார்வையாளர் சொல்ல முடியாதபடி, பழுது எழுதப்பட்ட வண்டியின் சாவி பூட்டிய பெட்டிக்குள் போய், சரிசெய்த மெக்கானிக் கையெழுத்திட்ட பிறகே வெளியே வரட்டும்.